டூர் போயிட்டு வந்து மூணு கிலோ ஏறிடுச்சு, எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

கேட்டவங்க கோயமுத்தூர், 38 வயசு. மே மாச லீவுல கணவர், ரெண்டு பிள்ளைங்க, மாமியார்னு அஞ்சு பேரா கார்ல ஒன்பது நாள் பழனி, மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி, கன்னியாகுமரின்னு சுத்திட்டு வந்திருக்காங்க. வந்த மறுநாள் காலைல எடை மெஷின்ல ஏறி நின்னா 3.2 கிலோ கூட. அதுக்கு முன்னாடி வாரம் மூணு நாள் ஜிம், மத்த நாள் ரேஸ்கோர்ஸ்ல நடைன்னு ஒழுங்கா இருந்தவங்க. இப்ப மூணு நாள் வெறும் ஜூஸ் குடிச்சு டீடாக்ஸ் பண்ணட்டுமா, ஜிம்முக்கு காலை மாலை ரெண்டு வேளையும் போகட்டுமா, கணவர் சொல்ற மாதிரி வீட்டோட எல்லாரும் 16 மணி நேரம் விரதம் இருக்கலாமான்னு கேட்டிருக்காங்க. கடைசில போற போக்குல ஒரு வரி: மாத்திரையும் ராத்திரி இன்சுலினும் எடுக்குற மாமியாருக்கு வெறும் வயித்துல சுகர் 190 காட்டுதாம்.

நான் அந்தக் கடைசி வரில இருந்துதாங்க ஆரம்பிக்கப் போறேன், உங்க மூணு கிலோ எங்கயும் ஓடிடாது, அத்தை விஷயம் அப்படி இல்ல. சுகர் பேஷண்டுங்களுக்கு சாப்பாட்டு ஆலோசனை சொல்றதுதான் என் வேலைங்கறதால மே, ஜூன் மாசத்துல இந்த மாதிரி ரிப்போர்ட்டை நிறைய பாக்குறேன். வீட்டுல எல்லாரும் உடனே "அல்வா சாப்பிட்டாங்க, அதான்"னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. இருக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க, அந்த இன்சுலின் பேனா ஒன்பது நாளும் எங்க இருந்துச்சு? கார் டேஷ்போர்டுலயா, டிக்கில பைக்குள்ளயா? திறக்காத இன்சுலினை 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், பயன்படுத்திட்டு இருக்குற பேனாவை 30 டிகிரிக்குக் கீழ வெச்சா பெரும்பாலான வகைங்க நாலு வாரம் வரைக்கும் தாங்கும். மே மாசம் மதுரைல கோயில் வாசல்ல வெயில்ல நிறுத்துன காருக்குள்ள சூடு 50 டிகிரியைக்கூட தொடும். அந்தச் சூட்டுல இருந்த மருந்து பாக்க தெளிவாவேதான் இருக்கும், ஆனா வேலை செய்யுற சக்தி குறைஞ்சு போயிருக்கும். நீங்க ஊசி போட்டுட்டோம்னு நினைச்சுட்டு இருப்பீங்க, அவங்க உடம்புக்கு பாதி மருந்துதான் போயிருக்கும். இதோட எதிர்ப்பக்கமும் உண்டு, லாட்ஜ் ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீஸரை ஒட்டி வெச்சு அது உறைஞ்சு போனாலும் மருந்து வீண்தான். சந்தேகம் இருந்தா புதுப் பேனா மாத்துங்க, மாத்திட்டு மூணு நாலு நாள் வெறும் வயித்து சுகர் பாத்து எழுதி வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. 190 வந்துச்சேன்னு நீங்களா ரெண்டு யூனிட் கூட்டி போட்டுடாதீங்க, பழைய மருந்து கெட்டுப் போயிருந்து புதுசு முழு சக்தியோட இறங்குச்சுன்னா நடு ராத்திரில சுகர் கீழ போயிடும்.

அடுத்தது பாதம். இதை யாருமே கேக்க மாட்டேங்குறாங்க, ஆனா நான் ரொம்ப பயப்படுறது இதுக்குத்தான். பழனி, மீனாட்சியம்மன் கோயில், கன்னியாகுமரின்னு எல்லா இடத்துலயும் செருப்பைக் கழட்டிட்டுதான் நடந்திருப்பாங்க. சித்திரை வைகாசி வெயில்ல கருங்கல் தரை எப்படி கொதிக்கும்னு உங்களுக்குத் தெரியும், நாம எல்லாம் துள்ளிக் குதிச்சு நிழலுக்கு ஓடிடுவோம். ரொம்ப வருஷமா சுகர் இருக்குறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், சூடே தெரியாது, பொறுமையா நடந்து போவாங்க. இன்னைக்கு சாயங்காலமே அத்தையை நல்ல வெளிச்சத்துல உக்கார வெச்சு ரெண்டு பாதத்தையும், விரல் இடுக்கு உட்பட பாருங்க. கொப்புளம், கறுத்துப் போன இடம், தோல் உரிஞ்ச இடம் எது இருந்தாலும் உடைக்காம, கண்ட களிம்பையும் தடவாம அடுத்த நாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. அவங்க காலைக் காட்ட கூச்சப்படுவாங்க, "எனக்கு ஒண்ணுமில்ல சாமி"ம்பாங்க, விடாதீங்க.

விரதம் அவங்களுக்கு கூடவே கூடாது. இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்குறவங்க மருந்தைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் திடீர்னு இறங்கும்: நடுக்கம், வேர்வை, தலை சுத்தல், சில பேருக்கு பேச்சே குழறும். அப்படி ஆனா மூணு டீஸ்பூன் சர்க்கரையை தண்ணில கலந்து உடனே குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணணும். வீட்டுல எல்லாரும் ஒண்ணா விரதம்னு ஆரம்பிச்சா பெரியவங்க "நானும் இருக்கேன்"னு சேர்ந்துக்குவாங்க, அதுக்கோசரமே இந்த யோசனையை வீட்டுப் பொதுவுல பேசாதீங்க.

சரி, இப்ப உங்க 3.2 கிலோ.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கிலோ உடம்புக் கொழுப்புன்னா சுமாரா 7,700 கலோரி. 3.2 கிலோவும் கொழுப்புன்னா 24,000 கலோரிக்கு மேல கூடுதலா சாப்பிட்டிருக்கணும், ஒன்பது நாள்ல வகுத்தா தினமும் உங்க வழக்கமான சாப்பாட்டுக்கு மேல இன்னும் 2,700. அதாவது நீங்க சாப்பிடுறதை எல்லாம் சாப்பிட்டு முடிச்சிட்டு இன்னொரு ஆளுக்கு ஒரு நாள் முழுக்க வேணுங்குறதையும் சேர்த்து சாப்பிட்டிருக்கணும், அதுவும் ஒன்பது நாளும். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவே ஆனாலும் அவ்வளவு முடியாதுங்க. அப்ப மெஷின்ல காட்டுறது என்ன? பெரும்பகுதி தண்ணி. நாம சாப்பிடுற மாவுச்சத்துல ஒரு பங்கை உடம்பு கிளைகோஜனா தசைலயும் ஈரல்லயும் சேமிச்சு வைக்கும், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். நீங்க வீட்டுல அளவா சாப்பிட்டு ஜிம்முக்கும் போயிட்டு இருந்தவங்க, டேங்க் பாதிதான் இருந்திருக்கும், இப்ப பரோட்டா, இட்லி, அல்வான்னு ரொம்பிடுச்சு, அதுலயே ஒரு கிலோவுக்கு மேல போயிடும். அடுத்து உப்பு. ஒரு நாளைக்கு அஞ்சு கிராமுக்குக் கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஹோட்டல் சாம்பார், சால்னா, ஊறுகாய், சிப்ஸுன்னு மூணு வேளையும் வெளிய சாப்பிட்டா மதியத்துக்குள்ளயே அதைத் தாண்டிடுவோம், உப்பு உள்ள போனா கூடவே உடம்புல தண்ணி நிக்கும். மூணாவது, வழியில பாத்ரூம் எப்படி இருக்குமோன்னு பயந்து பொம்பளைங்க தண்ணியே குடிக்க மாட்டோம், காய்கறியும் இல்ல, வயிறு சரியா போயிருக்காது, அதுவும் மெஷின்ல எடைதான். பீரியட்ஸ் நெருங்குற வாரமா இருந்தா அதுக்கு தனியா ஒரு கிலோ. எல்லாத்தையும் கழிச்சா நிஜக் கொழுப்பு அரை கிலோல இருந்து ஒரு கிலோ, அதுக்கு மேல இருக்க வாய்ப்பு கம்மி.

அந்தத் தண்ணி, நீங்க ஒண்ணுமே விசேஷமா பண்ணாம வழக்கமான சாப்பாட்டுக்கு வந்தாலே அஞ்சாறு நாள்ல இறங்கிடும். ஜூஸ் டீடாக்ஸ் பண்ணி "மூணே நாள்ல ரெண்டரை கிலோ குறைஞ்சுச்சு"ன்னு சொல்றாங்கல்ல, குறையுறது இந்தத் தண்ணிதான், ஜூஸ் குடிக்காம ரசஞ்சோறு சாப்பிட்டிருந்தாலும் கொஞ்சம் மெதுவா குறைஞ்சிருக்கும். ஈரலும் கிட்னியும் உடம்புல கழிவு எடுக்குற வேலையை ராத்திரி பகலா செஞ்சுட்டுதான் இருக்கு, டூர்ல இருந்து வந்ததும் லீவு போடல.

அப்ப பிரச்சனையே இல்லையான்னு கேட்டா, இருக்கு, வேற இடத்துல. அமெரிக்காவுல ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2016ல வெளிவந்துச்சு. ஒண்ணுல இருந்து மூணு வாரம் வரைக்கும் டூர் போன 122 பேரை போறதுக்கு முன்னாடி, வந்த உடனே, ஆறு வாரம் கழிச்சுன்னு எடை பாத்தாங்க. சராசரியா ஏறுனது மூணுல ஒரு பங்கு கிலோ, அவ்வளவுதான், பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா ஆறு வாரம் கழிச்சும் அது இறங்கல. இங்கதான் விஷயம். டூர்ல நடக்குறது சின்னது, வந்த பிறகு அது கழியாம தங்குறதுதான் பெருசு, வருஷத்துக்கு ரெண்டு டூர், நாலு கல்யாணம், தீபாவளி, பொங்கல்னு ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுட்டுப் போனா பத்து வருஷத்துல என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க. ஏன் தங்குதுன்னா, டூர் முடிஞ்சு நாம வீட்டுக்கு வர்றோம், கூடவே டூரும் வீட்டுக்குள்ள வந்துடுது. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் முழிப்பு, காலைல எட்டுக்கு எழறது, சமைக்க அலுப்பா இருக்குன்னு ஆர்டர், டேபிள் மேல பலகாரப் பை. இப்படி மூணு வாரம் ஓடுனா அதுக்குப் பேரு லீவு இல்ல, புதுப் பழக்கம். அதனால உங்க வேலை எடையைக் குறைக்குறது இல்லீங்க, வீட்டோட பழைய நேரத்தைத் திரும்பப் பிடிக்குறது.

முதல்ல அந்தப் பலகாரப் பை. நீங்க போன ரூட்டை வெச்சே என்னென்ன வாங்கியிருப்பீங்கன்னு சொல்லிடுவேன், பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய், திருநெல்வேலி அல்வா, கன்னியாகுமரில நேந்திரம் சிப்ஸ். இதுல பஞ்சாமிர்தமும் பால்கோவாவும் 2019ல, கடலை மிட்டாய் 2020ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, வாங்காம வர முடியாது, வாங்குனதுல தப்பே இல்ல. ஆனா அல்வாவும் பால்கோவாவும் 100 கிராமுக்கு சுமாரா 350ல இருந்து 450 கலோரி, சிப்ஸ் 500க்கு மேல. அரை அரை கிலோன்னு வெச்சாலும் டேபிள் மேல நாலஞ்சு நாள் சாப்பாடு உக்காந்திருக்கு, அதை யாரும் ஒரு வேளை சாப்பாடா கணக்குல வைக்க மாட்டாங்க, போகும்போது ஒரு துண்டு வரும்போது ஒரு துண்டுன்னு போயிடும். அதனால வந்த ரெண்டு நாளைக்குள்ள பிரிச்சுக் குடுத்துடுங்க. பக்கத்து வீடு, ஆபீஸ், வேலைக்கு வர்ற அக்கா, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன், பிள்ளைங்க ட்யூஷன் மிஸ். நமக்குன்னு ஆளுக்கு கொஞ்சம் எடுத்து சின்ன டப்பால போட்டு மேல் ஷெல்ஃப்ல வைங்க. பால்கோவா வெளிய வெச்சா சீக்கிரம் கெட்டுடும், "கெட்டுப் போயிடுமே"ன்னு அம்மாக்கள் நாமதான் வழிச்சு சாப்பிட்டு முடிப்போம், நம்ம வயிறு குப்பைத் தொட்டி இல்லைங்குறதை சத்தியமா யாராவது நமக்கு சொல்லிக் குடுத்திருக்கணும். கடலை மிட்டாயை மட்டும் நான் விட்டுக் குடுப்பேன், வேர்க்கடலைல புரதம் இருக்கு, ஜிம் முடிச்சிட்டு வந்து ஒண்ணு சாப்பிட்டா ஒரு தப்பும் இல்ல. ஒண்ணு.

அடுத்து சமையக்கட்டு. ஊர்ல இருந்து வந்த அன்னைக்கு ஃப்ரிட்ஜ்ல ஒண்ணும் இருக்காது, மாவு இருக்காது, கறிவேப்பிலை காஞ்சு கெடக்கும், துணி ஒரு மலை துவைக்கக் கெடக்கும், அப்ப போனை எடுத்து பிரியாணி ஆர்டர் போடுறதுதான் எல்லா வீட்டுலயும் நடக்குது. அன்னைக்கு ராத்திரிக்கு பெருசா சமைக்க வேணாம், நம்ம ஊரு அரிசியும் பருப்பும் சாதம் குக்கர்ல நாலு விசில், கூட ஆளுக்கு ஒரு முட்டை, அவ்வளவுதான். இல்லாட்டி பாசிப்பருப்புக் கஞ்சி, ரசஞ்சோறு. மறுநாள் காலைல முதல் வேலை அரிசி உளுந்து ஊறப் போடுறது, சாயங்காலம் ஆட்டி வெச்சா ராத்திரில பொங்கிடும், அதுக்கு அடுத்த நாள்ல இருந்து நாலு நாள் காலை டிபனுக்கு கவலை இல்ல. மாவு இருக்குற வீட்டுல ஆர்டர் போடுறது பாதியா குறையும், இது நான் பாத்த வரைக்கும் எந்த டயட் சார்ட்டையும் விட நல்லா வேலை செய்யுது. காய் வாங்க முடிஞ்சா காலைல நேரத்துல ஆர்.எஸ்.புரம் இல்ல சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க, அதுலயே கொஞ்சம் நடையும் ஆச்சு, தட்டு நிறைய காயும் ஆச்சு.

தட்டுல என்ன இருக்கணும்னா, ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் புது வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு, அதுல அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து மொத்த கலோரில 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு சொல்றாங்க. நம்ம வீட்டுத் தட்டைப் பாருங்க, நடுவுல சோறு ஒரு குன்னு, ஓரத்துல பொரியல் ஒரு கரண்டி. அதைக் கொஞ்சம் மாத்திப் போடுங்க: காயும் கீரையும் தட்டுல பாதி, பருப்போ பயறோ முட்டையோ மீனோ கால் பங்கு, சோறு மிச்சக் கால். கொங்கு சமையல்ல இதுக்குன்னு தேடவே வேணாம், கொள்ளுப் பருப்பு, பச்சப்பயறு கடைசல், கீரை கடைசல், தட்டப்பயறு குழம்புன்னு வாரம் பூரா ஓட்டலாம். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு"ன்னு சொல்லுவாங்க, அதைக் கேட்டுட்டு கொள்ளு கொழுப்பைக் கரைக்கும்னு காலைல வெறும் வயித்துல கொள்ளுத் தண்ணி குடிக்குறவங்க நிறைய. அப்படிக் கரைக்குற சக்தி எந்தத் தண்ணிக்கும் இல்லீங்க. கொள்ளுல நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல புரதமும் நல்ல நார்ச்சத்தும் இருக்கு, சாப்பிட்டா வயிறு சீக்கிரம் ரொம்பும், ரொம்ப நேரம் பசிக்காது, அதனால சோறு தன்னால குறையும். அதுவே பெரிய உதவிதானே, தண்ணியை மட்டும் குடிச்சுட்டு கொள்ளைக் கீழ போடாதீங்க. சுடுதண்ணில எலுமிச்சை தேன் குடிக்குறதும் அதே கதைதான், ஒரு டேபிள்ஸ்பூன் தேன்ல 60 கலோரிக்கு மேல இருக்கு, கரைக்குறதுக்கு பதிலா சேர்த்துக்குறோம்.

கணவரோட 16 மணி நேர விரதத்துக்கு வருவோம். அவருக்கு சுகர், அல்சர் ஒண்ணும் இல்லைன்னா அவர் மட்டும் இருந்து பாக்கட்டும், நான் தடுக்கல. ஆனா அதுல மந்திரம் எதுவும் இல்ல. சீனாவுல குவாங்சோ நகரத்துல உடல் பருமன் இருக்குற 139 பேரை ரெண்டு குழுவா பிரிச்சு ஒரு வருஷம் பாத்தாங்க, ரெண்டு குழுவுக்கும் ஒரே அளவு கலோரி குறைப்பு, ஒரு குழு மட்டும் காலை எட்டுல இருந்து சாயங்காலம் நாலுக்குள்ள சாப்பிடணும். 2022ல முடிவு வந்துச்சு, ரெண்டு குழுவுக்கும் எடை குறைஞ்சுச்சு, நடுவுல சொல்லிக்குற மாதிரி வித்தியாசம் இல்ல. ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா தின்னுற பழக்கத்தை அது நிறுத்துச்சுன்னா அந்த அளவுக்கு லாபம். காலை டிபனை விட்டுட்டு பதினொரு மணிக்கு ஆபீஸ் கேன்டீன்ல ரெண்டு வடை, டீன்னு போச்சுன்னா நட்டம்.

தூக்கத்தை யாரும் கணக்குலயே எடுக்குறது இல்ல, நான் இதைத்தான் எல்லாத்துக்கும் முதல்ல வைப்பேன். தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டுற ஹார்மோன் கூடும், வயிறு ரொம்பிடுச்சுன்னு சொல்ற ஹார்மோன் குறையும், அடுத்த நாள் பூரா இனிப்பும் எண்ணெயும் தேடும், உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லாம இல்ல. ராத்திரி சீக்கிரம் படுக்கணும்னு முயற்சி பண்ணி கூரையைப் பாத்துட்டு கெடக்குறதை விட, காலைல எழுற நேரத்தைப் பிடிங்க, எத்தனை மணிக்கு படுத்தாலும் ஆறுக்கு எழுந்து வெளிய வெளிச்சத்துல நில்லுங்க, மூணு நாலு நாள்ல ராத்திரி தன்னால கண்ணு சொக்கும். பிள்ளைங்களுக்கும் இதேதான், ஸ்கூல் திறக்குறதுக்குள்ள தினமும் கால் மணி, அரை மணி முன்னாடி எழுப்பிட்டு வாங்க. அவங்களை மெஷின்ல ஏத்தாதீங்க, "டூர்ல குண்டாயிட்ட"ன்னு விளையாட்டுக்கு கூட சொல்லாதீங்க, பொம்பளப் பிள்ளைங்க அதை வருஷக் கணக்கா மனசுல வெச்சிருக்கும்.

இப்ப ஜிம். ரெண்டு வேளை வேணாம். ஒன்பது நாள்ல உங்க பலம் எங்கயும் போகல, தசையோட வலு ரெண்டு மூணு வாரம் விட்டாலும் பெருசா குறையாது. ஆனா முதல் நாள் நடக்கும்போதே மூச்சு வாங்கும், இதயம் படபடன்னு அடிக்கும், பயந்துடாதீங்க. பயிற்சியை விட்ட சில நாள்லயே ரத்தத்துல இருக்குற நீர்ப்பகுதி கொஞ்சம் குறைஞ்சுடும், அதனால அதே வேகத்துக்கு இதயம் கூட தடவை அடிக்குது, கூட மே மாச வெக்கையும் தூக்கக் குறைவும். ஒரு வாரத்துல சரியாயிடும். முதல் வாரம் நீங்க வழக்கமா தூக்குறதுல 60, 70 சதவீதம் எடை வைங்க, மூணு செட் பண்ற இடத்துல ரெண்டு, "இன்னும் நாலு முடியும்"ங்குற இடத்துலயே நிறுத்துங்க. அடுத்த வாரம் பழைய செட், அதுக்கு அடுத்த வாரம் பழைய எடை. பழனில படி ஏறும்போது மூச்சுதான் வாங்கியிருக்கும், இறங்குனதுக்கு மறுநாள்தான் தொடை பிடிச்சிருக்கும், ஞாபகம் இருக்கா? தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்குற அசைவுலதான் இந்த வலி வரும், ஒரு நாள்ல இருந்து மூணு நாளுக்குள்ள உச்சம், அப்புறம் போயிடும். அது சாதாரணம். ஆனா குற்ற உணர்ச்சில ஒரே நாள்ல நூறு ஸ்குவாட் போட்டு தசை கல்லு மாதிரி வீங்கி, தாங்க முடியாத வலியோட சிறுநீர் கோலா நிறத்துல வந்துச்சுன்னா அது சாதாரணம் இல்ல, தசை சிதைஞ்சு கிட்னியைப் பாதிக்குற நிலைமை, உடனே ஆஸ்பத்திரி. இளசுங்க லீவு முடிஞ்சு வந்து வீராப்புல பண்ணி இப்படி அட்மிட் ஆகுறது நடக்குது.

நடைல ஒரு சின்ன மாத்தம் சொல்றேன். ரேஸ்கோர்ஸ் சுத்து ரெண்டரை கிலோமீட்டர், அது காலைல இருக்கட்டும், ஆனா ராத்திரி சாப்பிட்டு முடிச்ச உடனே மொட்டை மாடிலயோ தெருவுலயோ 15 நிமிஷம் அத்தையோட நடங்க, செருப்பு போட்டுட்டு, காலு சரியா இருந்தா மட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுற சுகரை அந்தச் சின்ன நடை நல்லாவே அடக்கும், காலைல ஒரே மூச்சா நடக்குறதை விட பெரியவங்களுக்கு இது சுலபமும் கூட. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடல் உழைப்பு, ரெண்டு நாள் தசைப் பயிற்சின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நீங்க ஏற்கெனவே அதுக்கு மேல போயிட்டு இருந்தவங்க, அந்த இடத்துக்குத் திரும்புனா போதும்.

கார்ல மணிக்கணக்கா உக்காந்ததுல கால் ரெண்டும் கொஞ்சம் வீங்கியிருந்தா ஓரிரு நாள்ல வடிஞ்சிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால்ல வலியும் சூடும் இருந்துச்சுன்னா நரம்புப் பிடிப்புன்னு தைலம் தேய்ச்சுட்டு உக்காராதீங்க, ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே காட்டணும்.

உங்க கணவர் ஞாயித்துக்கிழமை ஷட்டில் ஆடுறவர்னு நீங்க எழுதல, ஆனா நாப்பதை ஒட்டுன ஆம்பளைங்க பாதி பேரு ஆடுறாங்க, அதனால சொல்லி வைக்குறேன். டூர் அலுப்போட வந்த முதல் ஞாயிறே வார்ம் அப் இல்லாம கோர்ட்ல இறங்கி எட்டிப் பாஞ்சா குதிகாலுக்கு மேல இருக்குற தசைநார் அறுந்து போகலாம். பின்னால இருந்து யாரோ எட்டி உதைச்ச மாதிரி இருக்கும், திரும்பிப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க, அப்புறம் மாசக்கணக்குல நடையே தகராறு. முதல் வாரம் நடை, குதிகால் தூக்கி இறக்குற பயிற்சி, ரெண்டாவது வாரம் மெதுவா ஒரு கேம், அதுக்கப்புறம் அவர் ஆட்டத்தை ஆடிக்கட்டும்.

எடை மெஷினை இந்த வாரம் தொடாதீங்க. அடுத்த வாரத்துல இருந்து வாரம் ரெண்டு மூணு தடவை, காலைல பாத்ரூம் போயிட்டு வந்து, சாப்பிடுறதுக்கு முன்னாடி பாத்து சராசரியை எழுதுங்க, பீரியட்ஸுக்கு முந்துன வாரத்தை விட்டுடுங்க. பத்து நாள்ல ரெண்டு கிலோ போல இறங்கியிருக்கணும், மிச்சம் இருக்குற அரை கிலோ, ஒரு கிலோ ஒரு மாசத்துல சத்தமில்லாம போயிடும், அதுக்குன்னு தனியா எதுவும் பண்ண வேணாம். நாலு வாரம் ஒழுங்கா இருந்தும் ரெண்டு கிலோவுக்கு மேல அப்படியே நிக்குது, கூட அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுறதுன்னு இருந்துச்சுன்னா அப்ப குறையை அல்வா மேல போடாம ஒரு டிஎஸ்எச் டெஸ்ட் எடுத்து தைராய்டைப் பாத்துடுங்க, அதுக்கு வெறும் வயித்துலதான் போகணும்னு கட்டாயம் கூட இல்ல.